கொழுந்து பறிக்கும் கைக்குள் நரம்பும் குருதியும்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒருவரின் கையைச் சற்று நேரம் கூர்ந்து பாருங்கள். கண் அடுத்த வாதுக்கு, அதாவது தேயிலைச் செடியின் அடுத்த கிளைக்கு, போய்விட்டிருக்கும். கை இன்னும் முந்திய வாதில் இருக்கும். இரண்டு இலையும் ஒரு குருத்துமாக நிற்கும் இளங்கொழுந்தைப் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒடித்து எடுக்கின்றன. முற்றிய இலை பட்டதும் விரல்கள் தாமாகவே அதை விட்டு விலகுகின்றன. கை நிறைந்ததும் கொழுந்து தோளுக்கு மேலால் கூடைக்குள் போகிறது. பார்க்காமலே பறிக்கிறார், பேசிக்கொண்டே பறிக்கிறார், வழுக்கும் சரிவில் நின்றுகொண்டு பறிக்கிறார்.

இந்த வேலை நடக்க உடலுக்குள் இரண்டு ஏற்பாடுகள் ஓயாமல் இயங்க வேண்டும். ஒன்று நரம்புத் தொகுதி. அது செய்தியைக் கொண்டுபோகிறது. செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் வேலை செய்கிறது. மற்றது குருதி. அது ஒட்சிசனையும் உணவையும் கொண்டுபோகிறது, கழிவைத் திருப்பிக் கொண்டுவருகிறது. பாடநூலில் இவை இரண்டும் வெவ்வேறு அத்தியாயங்கள். பிள்ளைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவைபோல மனனம் செய்கிறார்கள். அப்படிப் படிப்பதால்தான், "இரத்தம் காணாது" என்று கிளினிக்கில் சொல்லப்பட்ட ஒரு தாய்க்கு ஏன் தலை சுற்றுகிறது, ஏன் எதிலும் மனம் நிற்பதில்லை, ஏன் சிலருக்குக் கால் விறுவிறுக்கிறது என்பதெல்லாம் நமக்கு விளங்காமல் போகின்றன. ஆகவே இங்கே இரண்டையும் சேர்த்தே விளக்குகிறேன்.

செய்தி போகும் வழி

மூளை, அதிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்கும் முண்ணாண், இவ்விரண்டிலிருந்தும் உடலெங்கும் கிளைவிட்டுப் போகும் நரம்புகள்: இவை சேர்ந்ததே நரம்புத் தொகுதி. இதன் அடிப்படை அலகு நரம்புக்கலம். மனித மூளையில் மட்டும் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் செய்தியை வாங்கும் குறுங்கிளைகள் பலவும், செய்தியை அனுப்பும் நார் ஒன்றும் உண்டு. முண்ணாணின் கீழ்ப்பகுதியில் தொடங்கிப் பாதம்வரை போகும் நார் ஒன்று ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமானது. அவ்வளவு நீளமும் ஒரே கலத்துக்குச் சொந்தம். தடிப்போ தலைமயிரைவிடக் குறைவு.

உங்கள் முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, மற்றக் கையால் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கி விரித்துப் பாருங்கள். உள்ளே தசை அசைவது கைக்குத் தெரியும். விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசை கிடையாது. முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கும் தசைகள்தான் தசைநாண்களால் விரல் எலும்புகளை இழுக்கின்றன. நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தவருக்கு இரவில் முன்கை கடுத்து வலிப்பதன் காரணம் இதுவே. அந்தத் தசைகளுக்குக் கட்டளை கொண்டுவரும் நரம்புகள் கழுத்துப் பகுதி முண்ணாணிலிருந்து புறப்பட்டுத் தோள் வழியாக இறங்குகின்றன. அவற்றில் ஒன்று முழங்கையின் உட்புறத்தில் எலும்பை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே போகிறது. கதவு நிலையில் முழங்கை இடிபட்டால் சுண்டுவிரல்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல விறைப்பது அந்த நரம்பு அடிபடுவதால்தான்.

கட்டளை கீழே வருவதுபோலவே தகவல் மேலே போகிறது. ஒரு கையின் உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலும் தொடுகையை உணரும் நரம்பு அலகுகள் ஏறத்தாழ 17,000 இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவை விரல்நுனியில்தான் மிக நெருக்கமாக இருக்கின்றன. கொழுந்தின் மென்மையையும் முற்றிய இலையின் தடிப்பையும் கண்ணின் உதவியில்லாமல் பிரித்தறிய இவையே உதவுகின்றன. பழகிய அசைவைச் சீராக ஓடவைப்பது மூளையின் பின்புறத்தில் கீழே இருக்கும் மூளி என்ற பகுதி. கொழுந்து எடுப்பதைத் திறமை தேவைப்படாத வேலை என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

நரம்புக்குள் போகும் செய்தி என்பது மின்னேற்றத்தில் ஏற்படும் ஒரு மாற்றம். ஓய்வில் இருக்கும் நாரின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோற்று மறையேற்றம் கொண்டிருக்கும். நரம்பு தூண்டப்பட்டதும் அந்த இடத்து மென்சவ்வில் நுண்ணிய வாயில்கள் திறந்து சோடியம் அயன்கள் உள்ளே பாய்கின்றன. உட்புறம் கணநேரம் நேரேற்றம் பெறுகிறது. உடனே பொற்றாசியம் அயன்கள் வெளியேறிப் பழைய நிலையை மீட்கின்றன. ஓரிடத்தில் இது முடிய ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன் போதும். ஆனால் அதற்குள் பக்கத்து இடம் தூண்டப்பட்டுவிடும். இப்படியே மாற்றம் நாரின் மறுமுனைவரை பரவுகிறது. உள்ளே வந்த சோடியத்தை வெளியேற்றி, வெளியே போன பொற்றாசியத்தை மீட்பதற்கு மென்சவ்விலுள்ள பம்பிகள் இடைவிடாமல் சக்தியைச் செலவழிக்கின்றன. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "இரத்தம் காணாது" என்று சொல்லப்படும் குருதிச்சோகைக்கு வரும்போது தேவைப்படும்.

எல்லா நார்களும் ஒரே வேகத்தில் செய்தி அனுப்புவதில்லை. வேகமான நார்களைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. அந்த உறையில் இடையிடையே சிறு இடைவெளிகள். செய்தி நாரின் ஒவ்வொரு புள்ளியையும் தொடாமல் ஓர் இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவுகிறது. வளைந்து வளைந்து ஏறும் தோட்டத்து ரோட்டை விட்டுவிட்டு, லயத்துப் பிள்ளைகள் ஒவ்வொரு வளைவிலும் குறுக்குப் படியால் ஏறிவிடுவதைப்போல. உறையுள்ள தடித்த நார்களில் வேகம் செக்கனுக்கு 100 மீற்றரையும் தாண்டும். உறையில்லாத மெல்லிய நார்களில் செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவுதான். நரம்புச் செய்தியின் வேகத்தை அளக்கவே முடியாது என்று பலரும் நம்பியிருந்த காலத்தில், 1850இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் அதை அளந்து காட்டினார். செக்கனுக்கு ஏறத்தாழ 30 மீற்றர் என்று கிடைத்தது.

இந்த வேக வேறுபாட்டை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். கவ்வாத்து வெட்டிய மலையில் நடக்கும்போது கூரான வாது கையைக் கீறினால், முதலில் சுரீரென்று ஒரு வலி. ஏறத்தாழ ஒரு செக்கன் கழித்து, எரிச்சலோடு கூடிய மந்தமான இன்னொரு வலி. முதலாவது மெல்லிய மயலின் உறையுள்ள நார்களில் வந்தது. இரண்டாவது உறையில்லாத நார்களில் ஆறுதலாக நடந்து வந்தது. இரண்டும் மூளையை அடையும் முன்பே கை பின்வாங்கியிருக்கும். ஏனென்றால் அந்தக் கட்டளை மூளையிலிருந்து வருவதில்லை. செய்தி முண்ணாணுக்கு வந்ததும் அங்கேயே தசைக்குக் கட்டளை திரும்பிவிடுகிறது. இதைத் தெறிவினை என்கிறோம்.

மலையகத்துக் குளிரும் இதில் கை வைக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் நுவரெலியாப் பக்கம் புல்லின்மேல் உறைபனி படியும் நாட்கள் உண்டு. அத்தகைய காலையில் மலைக்கு ஏறுபவருக்கு முதல் அரை மணிநேரம் விரல்கள் சொன்ன சொல் கேளாது. நரம்பின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு குறைந்தால் செய்தியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 2 மீற்றர் குறைகிறது. அதோடு, உடலின் உட்சூட்டைக் காப்பதற்காக நரம்புத் தொகுதி விரல்களுக்குப் போகும் சிறு குருதிக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. குருதி குறைய விரல் மேலும் குளிர்கிறது, விரல் குளிர நரம்பு மேலும் மந்தமாகிறது. கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வேலையைத் தொடங்குவதில் உடலியல் நியாயம் முழுவதும் இருக்கிறது.

ஒரு நரம்புக்கலத்திலிருந்து இன்னொன்றுக்கோ தசைக்கோ செய்தி தாவும் இடத்தில் மிக நுண்ணிய இடைவெளி ஒன்று உண்டு. அங்கே இரசாயனப் பொருள்தான் செய்தியைக் கடத்துகிறது. 1921இல் ஒட்டோ லேவி தவளை இதயங்கள் இரண்டை வைத்து இதைக் காட்டினார். ஓர் இதயத்தின் நரம்பைத் தூண்டினார், அதன் துடிப்பு மெதுவாகியது. அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து மற்ற இதயத்துக்கு விட்டார், அதுவும் மெதுவாகியது. நரம்பு ஏதோ ஒரு பொருளைத் திரவத்துக்குள் விட்டிருக்க வேண்டும். அந்தப் பொருள் அசற்றைல்கோலின். லேவிக்கு 1936இல் ஹென்றி டேலுடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இடத்தில் மரக்கறித் தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அசற்றைல்கோலின் வேலை முடிந்ததும் ஒரு நொதியம் அதை உடைத்துவிடும். சேதன பொசுபேற்று வகைப் பூச்சிநாசினிகள் அந்த நொதியத்தை முடக்குகின்றன. பூச்சி சாவதும் அதனால்தான், மனிதனுக்கு நஞ்சாவதும் அதனால்தான். உடைபடாத அசற்றைல்கோலின் தேங்க, தசைகள் துடிக்கும், உமிழ்நீரும் வியர்வையும் கொட்டும், கண்மணி சுருங்கும், மூச்சு முட்டும். இது தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். மருந்தடித்தபின் இந்த அறிகுறிகள் தெரிந்தால் நனைந்த உடையைக் களைந்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, மருந்துப் போத்தலின் பெயர்ச்சீட்டையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

குருதியும் அட்டைக்கடியும்

50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடலில் ஏறத்தாழ மூன்றேகால் லீற்றர் குருதி இருக்கும். ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஐந்து லீற்றர் அளவு குருதியைத் தள்ளுகிறது. அப்படியானால் உள்ள குருதி முழுவதும் ஒரு நிமிடத்துக்குள் உடலைச் சுற்றி வந்துவிடுகிறது. இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுபோகும் குழாய் நாடி, இதயத்துக்குத் திரும்பிக் கொண்டுவரும் குழாய் நாளம். இரண்டுக்கும் இடையில் மயிர்த்துளைக் குழாய்கள். கொடுக்கல் வாங்கல் முழுவதும் இந்த நுண்குழாய்களின் சுவர் வழியாகத்தான் நடக்கிறது.

குருதியின் பாதிக்குச் சற்று அதிகமான பங்கு வெளிர்மஞ்சள் நிறத் திரவம். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர். குருதியின் மிச்சப் பங்கு கலங்கள். ஒரு கன மில்லிமீற்றரில் செங்குழியங்கள் 40 முதல் 50 இலட்சம், குருதிச் சிறுதட்டுகள் ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம், வெண்குழியங்கள் 4,000 முதல் 11,000. வெண்குழியங்கள் கிருமிகளை எதிர்ப்பவை; அவற்றின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. ஏ, பி, ஓ என்ற குருதி வகைகளை 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் வகுத்ததால்தான் ஒருவரின் குருதியை இன்னொருவருக்கு ஆபத்தில்லாமல் ஏற்ற முடிந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டுச் செல்கிறேன்.

சிறுதட்டுகளின் வேலையைப் புரிந்துகொள்ள அட்டைக்கடியைவிட நல்ல பாடம் கிடையாது. மழைக்காலத்தில் மலையில் நிற்பவரின் கணுக்காலில் அட்டை ஏறியதும் தெரிவதில்லை, கடித்ததும் தெரிவதில்லை. குடித்துப் பருத்து அது உதிர்ந்தபின், காலில் ஈரம் பட்டுக் குனிந்து பார்த்தால்தான் இரத்தம் ஒழுகிக்கொண்டிருப்பது தெரியும். அதே இடத்தில் வாது கீறியிருந்தால் சில நிமிடங்களில் நின்றிருக்கும். அட்டை கடித்த இடமோ மணிக்கணக்காகக் கசியும்.

சாதாரணக் காயத்தில் முதலில் அறுந்த குழாய் சுருங்குகிறது. அடுத்து, கிழிந்த இடத்தில் சிறுதட்டுகள் ஒட்டிக்கொண்டு தற்காலிகமாக வாயை அடைக்கின்றன. பிறகு குருதித் திரவத்தில் கரைந்திருக்கும் பைபிரினோஜன் என்ற புரதம், துரொம்பின் என்ற நொதியத்தால் பைபிரின் இழைகளாக மாறுகிறது. இழைகள் பின்னி, இடையே செங்குழியங்கள் சிக்கி, உறைவு இறுகுகிறது. இதற்குக் கல்சியம் வேண்டும். உறைதலுக்கான புரதங்கள் பலவற்றை ஈரல் தயாரிக்க விற்றமின் கே வேண்டும். அட்டை நேரே துரொம்பினில்தான் கை வைக்கிறது. அதன் உமிழ்நீரில் துரொம்பினை முடக்கும் புரதம் இருக்கிறது. அட்டையில் குருதி உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதை 1884இல் ஜோன் ஹேக்ராஃப்ட் கண்டறிந்தார். மருத்துவ அட்டையிலிருந்து கிடைத்த அந்தப் பொருளுக்குப் பின்னர் ஹிருடின் என்று பெயர் வந்தது.

கடிபட்ட இடத்தை நன்றாகக் கழுவிவிட்டுச் சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். இதய நோய்க்காகக் குருதி உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் மட்டும், நிற்காவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அட்டை குடிப்பதும் பின்னர் கசிவதும் சேர்ந்தாலும் போவது சில மில்லிலீற்றர் குருதிதான். தோட்டத்துப் பெண்களின் குருதிச்சோகைக்கு அட்டையைக் குற்றம் சாட்ட முடியாது.

நரம்பு குருதியை நடத்தும் விதம்

கூடையோடு சரிவில் ஏறும்போது இதயம் படபடவென்று அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது. யாரும் இதயத்துக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மூளையின் அடியில் முண்ணாணோடு சேரும் இடத்தில் நீள்வளைய மையவிழையம் என்ற பகுதி இருக்கிறது. குருதியில் காபனீரொட்சைட்டு கூடியதை உணர்ந்து மூச்சை வேகப்படுத்துவது அது. இதயத்துக்கும் குருதிக் குழாய்களுக்கும் நரம்பு வழியாகக் கட்டளை அனுப்புவதும் அதுவே. ஓய்வில் தசைகளுக்குப் போகும் குருதி மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கடும் ஏற்றத்தில் அது முக்கால் பங்குக்கு மேலும் உயரலாம். குடலுக்கும் தோலுக்கும் போகும் குழாய்களைச் சுருக்கி, தசைக்குப் போகும் குழாய்களை விரித்தால்தான் இது முடியும்.

குனிந்திருந்தவர் சட்டென்று நிமிரும்போதும் இதே ஏற்பாடு வேலை செய்கிறது. எழுந்ததும் அரை லீற்றருக்கு மேற்பட்ட குருதி புவியீர்ப்பால் கால்களிலும் வயிற்றிலும் தங்கிவிடுகிறது. கழுத்து நாடியின் சுவரில் அமுக்கத்தை உணரும் நரம்பு முனைகள் உண்டு. அவை அமுக்கம் குறைந்ததை அறிவிக்க, ஓரிரு செக்கனில் இதயம் வேகமெடுக்கிறது, கால் குழாய்கள் சுருங்குகின்றன. இந்தத் திருத்தம் தாமதமானால் கண் இருண்டு தலை சுற்றும். மூளைக்குக் குருதி அடியோடு நின்றால் பத்துச் செக்கனுக்குள் நினைவு தவறிவிடும். மலையில் யாராவது மயங்கி விழுந்தால் உடனே தூக்கி உட்காரவைப்பதைப் பலரும் செய்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தினால் குருதி தானாக மூளைக்குத் திரும்பும்.

"குளவிக் கொட்டுக்கு இலக்காகித் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி" என்ற செய்தி மலையகப் பத்திரிகைப் பக்கங்களுக்குப் புதிதல்ல. கொட்டிய இடத்தின் வலி நரம்பின் விடயம். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் குருதியோட்டத்தில் நடப்பது. சிலரின் உடல் அந்த நஞ்சுக்கு அளவுமீறி எதிர்வினை காட்டி, இஸ்டமின் முதலிய பொருட்களை ஒரேயடியாக வெளிவிடுகிறது. குருதிக் குழாய்கள் எங்கும் விரிந்து, அவற்றின் சுவர் வழியே திரவம் கசிந்து, குருதியமுக்கம் சரிகிறது, மூச்சுக்குழாயும் இறுகுகிறது. உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக்கூடாது. தொடைத் தசையில் போடும் அதிரினலின் ஊசிதான் முதல் மருந்து. அது விரிந்த குழாய்களைச் சுருக்கி, இறுகிய மூச்சுக்குழாயைத் தளர்த்துகிறது. உடல் அச்சத்தில் தானே சுரக்கும் அதே ஓமோன்தான் ஊசியிலும் இருக்கிறது. எந்த மலையிலும் வேலை தொடங்கும் முன், குளவி கொட்டினால் யார், எந்த வாகனத்தில், எந்த வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது என்று முடிவாகியிருக்க வேண்டும். இதைத் தொழிலாளர் கேட்டுப் பெற வேண்டிய உரிமையாகவே நான் கருதுகிறேன்.

"இரத்தம் காணாது"

இப்போது மறுபக்கத்துக்கு வருவோம்: குருதி குறைந்தால் நரம்புக்கு என்ன ஆகும்?

செங்குழியத்துக்குள் கருவே கிடையாது. இருக்கும் இடமெல்லாம் ஒட்சிசனைச் சுமக்கும் புரதமான ஈமோகுளோபின். ஒரு செங்குழியத்தில் ஏறத்தாழ 27 கோடி ஈமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள். ஒவ்வோர் இரும்பணுவும் ஓர் ஒட்சிசன் மூலக்கூறைப் பிடிக்கும். இரும்பு இல்லையேல் ஈமோகுளோபின் இல்லை. செங்குழியத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். எலும்புக்குள் இருக்கும் என்பு மச்சை செக்கனுக்கு இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட புதிய செங்குழியங்களைச் செய்துகொண்டே இருக்கிறது. எவ்வளவு செய்வது என்பதைச் சிறுநீரகம் தீர்மானிக்கிறது. தனக்கு வரும் ஒட்சிசன் குறைந்தால் அது எரித்ரோபொயெட்டின் என்ற ஓமோனைக் குருதியில் கலந்துவிட, அது மச்சையைப் போய்த் தூண்டுகிறது. நரம்புச் செய்தி கணத்தில் போய் முடிகிறது. இந்தச் செய்திக்குப் பலன் கிடைக்க நாட்கள் ஆகும். கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்த ஒட்சிசன் அமுக்கம் உள்ள நுவரெலியாவில் வாழ்பவரின் உடல், இந்த வழியாகவே ஈமோகுளோபினைச் சற்றுக் கூட்டி வைத்துக்கொள்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 100 மில்லிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்கும், ஆணுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் குருதிச்சோகை. கர்ப்பகாலத்தின் முதல், கடைசி மூன்று மாதங்களில் எல்லை 11 கிராம். உயரமான இடங்களில் வாழ்பவருக்கு எல்லையைச் சற்றுக் கூட்டியே பார்க்க வேண்டும். கடற்கரையில் 12 போதுமென்றால் மலையுச்சியில் அது போதாது.

முன்னே நினைவில் வைக்கச் சொன்னதை இப்போது எடுங்கள். நரம்புக்கலத்தின் பம்பிகள் இடைவிடாமல் சக்தியைத் தின்பவை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ஒட்சிசனைச் சேமித்துவைக்க அதற்கு இடமில்லை. ஈமோகுளோபின் 8, 9 கிராமுக்கு இறங்கினால் இதயம் வேகமாக அடித்து ஈடுசெய்யப் பார்க்கும். தட்டையான இடத்தில் அது சமாளித்துவிடும். சரிவில் ஏறும்போது சமாளிக்க முடியாமல் மூச்சு வாங்குகிறது, கால் ஓய்கிறது, தலை சுற்றுகிறது. இதுமட்டுமன்று: மயலின் உறையை அமைக்கவும், மூளையின் செய்திப் பொருட்களில் ஒன்றான டோபமைனை ஆக்கவும் இரும்பு தேவை. இரும்பு குறைந்த குழந்தை பாடத்தில் மனம் செலுத்த முடியாமல் திணறுவதற்கும், தாய் காரணமின்றி எரிந்து விழுவதற்கும் இங்கே வேர் இருக்கலாம். நிறுவையில் கொழுந்து குறைந்துவிட்டது என்று ஒரு பெண்ணைச் சோம்பேறி என்று திட்டுபவர்கள், முதலில் அவருடைய ஈமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டும்.

இரும்பு எங்கே போகிறது? ஒரு மில்லிலீற்றர் குருதியில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. மாதவிடாயில் சராசரியாக 30 முதல் 40 மில்லிலீற்றர் குருதி போகிறது. ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாக ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். கொழுக்கிப்புழு குடலில் இருந்தால் அதுவும் பங்கு கேட்கும். ஒரு புழு குடிப்பது ஒரு துளிக்கும் குறைவு. நூறு புழுக்கள் சேர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிலீற்றர். உடல் ஒரு நாளில் உணவிலிருந்து உறிஞ்சும் இரும்பே ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம்தான் என்பதை நினைத்தால் அந்த இழப்பின் கனம் விளங்கும். இந்தப் புழு செருப்பில்லாத பாதத்தின் தோலைத் துளைத்து நுழைகிறது. தோட்டங்களில் இது மிகப் பரவியிருந்ததால்தான் 1916இல் ரொக்பெல்லர் நிதியத்தின் ஆதரவோடு இலங்கையில் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. கழிப்பறையும் செருப்பும் இன்றும் குருதிச்சோகைக்கு மருந்துதான்.

இனி, காலைச் சாப்பாட்டுக்கு வருவோம். கோதுமை மா ரொட்டி, சம்பல், கூடவே வெறுந்தேநீர். ரொட்டியில் இரும்பு குறைவு. இருப்பதும் தாவர இரும்பு, எளிதில் உறிஞ்சப்படாது. அதோடு தேநீரும் போனால், தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருட்கள் குடலுக்குள் இரும்பைப் பற்றிக்கொண்டு கரையவிடாமல் செய்துவிடுகின்றன. இதனால் உறிஞ்சப்படும் தாவர இரும்பு பாதிக்கு மேல் குறையலாம். தேநீரை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் குளிரில் அது உயிரூட்டும் பானம். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணிநேரம் விட்டால் போதும். சம்பலிலோ கீரையிலோ தேசிக்காய் பிழியுங்கள், அல்லது சாப்பிட்டதும் கொய்யாப்பழம் ஒன்றைக் கடியுங்கள். விற்றமின் சி தாவர இரும்பை உறிஞ்ச உதவும். கௌபி, கடலை, பருப்பு, கீரை வகைகள் தாவர இரும்பைத் தருபவை. நெத்தலிக் கருவாடு, இறைச்சி, ஈரல் ஆகியவற்றின் இரும்பு இவற்றைவிட எளிதில் உடலில் சேரும். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அடிக்கடி சாப்பிடக்கூடாது; அதிலுள்ள மிகையான விற்றமின் ஏ கருவுக்கு நல்லதல்ல.

கர்ப்பிணிக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்துவிடுபவர்கள் உண்டு. மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு குமட்டுகிறது என்பார்கள். கறுப்பு நிறம் உறிஞ்சப்படாத இரும்பினால் வருவது, அதில் தீங்கில்லை. குமட்டல் இருந்தால் நிறுத்திவிடாமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். எடுக்கும் நேரத்தை மாற்றினாலே பலருக்குச் சரியாகும். மாத்திரையைத் தேநீரோடு விழுங்குவது காசைக் கரியாக்குவதற்குச் சமம். தொடங்கி ஒரு வாரமளவில் மச்சை புதிய செங்குழியங்களை அதிகமாக வெளிவிடத் தொடங்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் ஈமோகுளோபின் உயர்வது பரிசோதனையில் தெரியும். களைப்பு குறைந்ததும் நிறுத்திவிடக்கூடாது. குருதியின் அளவு சரியான பிறகும், காலியான உடற்சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதங்கள்வரை தேவைப்படும்.

எல்லாக் குருதிச்சோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. தலசீமியா பரம்பரையாக வருவது. அதற்கு இரும்பு கொடுத்தால் உடலில் இரும்பு மிகுந்து கெடுதியே நேரலாம். விற்றமின் பி12 குறைந்தாலும் குருதிச்சோகை வரும். அது மயலின் உறையையும் கெடுப்பதால் பாதம் விறுவிறுக்கும், மரத்துப்போகும், நடை தடுமாறும். இந்த விற்றமின் இயற்கையாக விலங்குணவில்தான் உண்டு. பாலும் முட்டையும்கூடத் தவிர்க்கும் சைவ உணவுக்காரர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். குருதிப் பரிசோதனைத் தாளில் ஈமோகுளோபினுக்குக் கீழே எம்.சி.வி. என்று ஓர் எண் இருக்கும். செங்குழியத்தின் சராசரிப் பருமன் அது. வளர்ந்தவர்களில் 80க்குக் குறைவாக இருந்தால் கலங்கள் சிறியவை. இரும்புக் குறைவையும் தலசீமியாவையும் வைத்தியர் முதலில் சந்தேகிப்பார். 100க்கு மேல் இருந்தால் கலங்கள் பெரியவை. பி12 அல்லது போலிக் அமிலக் குறைவைத் தேடுவார். அடுத்த முறை தாள் கைக்கு வந்ததும் அந்த எண்ணையும் பாருங்கள், அது ஏன் அப்படி இருக்கிறது என்று வைத்தியரிடம் கேளுங்கள்.